விமானத்தில் சைக்கிள் கொண்டு போவது: கட்டணமும் மற்றதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த சைக்கிளில் புது ஊர்ச் சாலைகளைச் சுற்றும் ஆசை பலருக்கு உண்டு. விமானத்தில் அதற்கு எவ்வளவு கேட்பார்களோ, எந்த நிலையில் வந்து சேருமோ என்ற பயத்திலேயே பாதிப் பேர் அந்த ஆசையை விட்டுவிடுகிறார்கள். அப்படி விடத் தேவையில்லை. கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது புரிந்துவிட்டால் பெரும்பாலான செலவை டிக்கெட் வாங்கும் முன்பே கட்டுப்படுத்திவிடலாம். பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சைக்கிளுக்கு எவ்வளவு கட்டணம்?

எல்லா விமானங்களுக்கும் பொருந்தும் ஒரே தொகை கிடையாது. ஆனால் நிறுவனங்கள் கணக்குப் போடும் விதம் மூன்றுதான். உங்கள் நிறுவனம் இதில் எந்த வகை என்று தெரிந்தால் போதும்.

முதல் வகை, சைக்கிளுக்கென்றே தனிக் கட்டணம் வைத்திருப்பவர்கள். ரயன்ஏர், ஈஸிஜெட் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்கள் இப்படித்தான். உங்கள் டிக்கெட்டில் எத்தனை கிலோ லக்கேஜ் இருந்தாலும் அது சைக்கிளுக்குச் செல்லாது. ஒரு நல்ல விஷயம், எடை வரம்பு தாராளமாக இருக்கும்: ரயன்ஏரில் 30 கிலோ, ஈஸிஜெட்டில் 32 கிலோ.

இரண்டாவது வகை, சைக்கிளையும் ஒரு சாதாரணப் பெட்டியாக எண்ணுபவர்கள். டிக்கெட்டிலேயே ஒரு பெட்டி அடங்கியிருந்தால் தனியாக ஒன்றும் கட்ட வேண்டாம். பிரிட்டிஷ் ஏர்வேஸில் 23 கிலோவுக்குள்ளும் 190 × 75 × 65 செ.மீ. அளவுக்குள்ளும் இருந்தால் சைக்கிள் ஒரு பெட்டிக் கணக்கில் போய்விடும். அமெரிக்க நிறுவனங்களில் முன்பு இதற்கு 150 டாலர் வரை வாங்கினார்கள். 2019-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் அடுத்து டெல்டாவும் அந்தக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டு, சைக்கிளைச் சாதாரணப் பெட்டியாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன.

மூன்றாவது வகையில் சைக்கிளுக்கென்று எந்த விதியும் இருக்காது. 'அளவு மீறிய லக்கேஜ்' என்ற தலைப்பில் சேர்த்துவிடுவார்கள். பணம் அதிகம் போவது இங்கேதான். எடை கூடினால் அதற்கு ஒரு கட்டணம், நீளம் கூடினால் அதற்கு இன்னொன்று, இரண்டாவது பெட்டி என்று ஆகிவிட்டால் அதற்கும் தனியாக ஒன்று என்று மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிவிடலாம்.

'158 செ.மீ.' என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே, அது என்ன?

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் வரும் எண். சாதாரண லக்கேஜுக்குப் பல நிறுவனங்கள் வைத்திருக்கும் உச்ச வரம்பு அதுதான், 62 அங்குலம். சைக்கிள் கடைகளுக்குப் புது சைக்கிள் வந்து இறங்கும் அட்டைப்பெட்டி சுமார் 140 செ.மீ. நீளம், 80 உயரம், 20 அகலம் இருக்கும். கூட்டினால் 240. வழக்கமான பெட்டியில் வைத்த எந்த முழு அளவு சைக்கிளும் இந்த வரம்பைத் தாண்டும். ஆகவே நிறுவனத்தின் பக்கத்தில் நீங்கள் தேட வேண்டியது 'விளையாட்டுச் சாமான்கள்' என்ற தலைப்பு. சைக்கிளுக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு இருந்தால் அங்கேதான் எழுதியிருப்பார்கள்.

எப்போது விசாரிக்க வேண்டும்?

டிக்கெட் வாங்கும் முன்பு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். விலை ஒப்பிடும் தளங்கள் ஆளுக்கான கட்டணத்தை மட்டும் காட்டும். அதில் முதலில் நிற்கும் மலிவு டிக்கெட், போகவும் வரவும் சைக்கிள் கட்டணம் சேர்ந்த பிறகு மூன்றாவதோ நான்காவதோ இடத்துக்குப் போய்விடும். தனிக் கட்டணம் வாங்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு வழிக்கும் வாங்குகின்றன. சில நிறுவனங்கள் இடையில் விமானம் மாறினால் ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியாகக்கூட வாங்கும். ஆள், சைக்கிள், போக, வர என்று மொத்தத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

டிக்கெட் வாங்கிய கையோடு சைக்கிளையும் பதிவு செய்யுங்கள். இணையத்தில் முன்கூட்டியே கட்டுவதைவிட விமான நிலையத்தில் கட்டுவது அநேகமாக எங்குமே கூடுதல்தான். லுஃப்தான்சா போன்ற நிறுவனங்கள் முன்பதிவு இல்லாமல் சைக்கிளை ஏற்க உத்தரவாதம் தருவதில்லை. தொலைபேசியில் பதிவு செய்தால் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் சைக்கிள் விதி இருக்கும் பக்கத்தையும் அன்றே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டணங்களும் விதிகளும் அடிக்கடி மாறும், மேலே நான் சொன்ன அளவுகளும் அப்படித்தான்.

ஒரே பயணத்தில் இரண்டு நிறுவனங்களின் விமானம் வந்தால் யாருடைய விதி?

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பயணம் முழுவதற்கும் பொதுவாக ஒரு நிறுவனத்தின் லக்கேஜ் விதி பொருந்தும். எந்த நிறுவனம் என்பது டிக்கெட்டின் லக்கேஜ் பகுதியில் இருக்கும். அமெரிக்காவில் தொடங்கும் அல்லது முடியும் பயணங்களுக்கு, முதல் விமானத்துக்குப் பொருந்தும் விதியும் கட்டணமுமே கடைசி வரை பொருந்த வேண்டும் என்று அந்நாட்டு விதி சொல்கிறது.

தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட் என்றால் நிலைமையே வேறு. நடுவில் சைக்கிளை வெளியே எடுத்து மறுபடியும் செக்-இன் செய்து, மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும். கனமான பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு முனையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். கொஞ்சம் கூடுதலானாலும் நேரடி விமானம் கிடைத்தால் அதையே எடுங்கள். பெட்டி எத்தனை கை மாறுகிறதோ அத்தனை முறை அடிபட வாய்ப்பு.

எடைக் கணக்கு எப்படி வரும்?

இரண்டு முறைகள் இருக்கின்றன. ஒன்று மொத்த எடை: 30 கிலோ என்றால் எத்தனை பெட்டியாக இருந்தாலும் கூட்டி 30. இன்னொன்று பெட்டிக் கணக்கு: இத்தனை பெட்டி, ஒவ்வொன்றும் பெரும்பாலும் 23 கிலோவுக்குள். முதல் முறையில் சைக்கிள் 20 கிலோவை விழுங்கிவிட்டால் துணிமணிக்கு 10 கிலோதான் மிச்சம். இரண்டாவது முறையில் சைக்கிளே உங்கள் ஒரே பெட்டியாகிவிடும், துணிப்பை இரண்டாவது பெட்டியாகிக் காசு கேட்கும். இரண்டிலும் தனிப் பெட்டி ஒன்று 32 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது பரவலான விதி. தூக்கிப்போடும் ஊழியர்களின் முதுகைக் காப்பாற்ற வந்தது. அதற்கு மேல் போனால் பணம் கொடுத்தாலும் சாதாரண லக்கேஜாக எடுக்க மாட்டார்கள்.

ஒரு ரோடு பைக் 8 முதல் 10 கிலோ. கடினமான பிளாஸ்டிக் பெட்டி 10 கிலோவுக்கு மேலேயே வரும். பம்ப், பூட்டு, பெடல் எல்லாம் உள்ளே போனதும் 23 கிலோ முள்ளைத் தொட்டுவிடும். 14, 15 கிலோ மவுன்டன் பைக்குக்கு அந்தப் பெட்டி கிட்டத்தட்ட முடியாத காரியம். வீட்டிலேயே கொக்கி வைத்த லக்கேஜ் தராசில் தூக்கிப் பாருங்கள், ஒரு கிலோவாவது குறைத்து வையுங்கள். வீட்டுத் தராசும் கவுன்டர் தராசும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

அட்டைப்பெட்டியா, பையா, கடினப் பெட்டியா?

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் அட்டைப்பெட்டிதான் சொல்வேன். சைக்கிள் கடையில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள், எடையும் குறைவு. மழையில் நனைந்தால் தாங்காது, அதுதான் குறை. சக்கரம் வைத்த துணிப்பை இழுக்க வசதி, ஆனால் பக்கவாட்டில் விழும் அடியை உள்ளே கடத்திவிடும். விலை உயர்ந்த கார்பன் சட்டகத்தோடு அடிக்கடி பறப்பவருக்குக் கடினப் பெட்டி நியாயமான செலவு. ஒரு பயணத்துக்கு மட்டும் என்றால் வாடகைக்கு எடுக்கலாம்.

எப்படிக் கழற்றி அடுக்குவது?

முதலில் பெடல். இடது பெடலின் மரை தலைகீழ், வழக்கப்படி திருகினால் இன்னும் இறுகும். ஸ்பேனரைப் பெடல் அச்சின் மேல் நட்டமாக மாட்டி, பின்சக்கரத்தை நோக்கி இழுங்கள். எந்தப் பக்கப் பெடலாக இருந்தாலும் கழன்றுவிடும். பெடலைக் கழற்றாமல் பெட்டியில் போட்டால் அட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

அடுத்தது பின்பக்க டெரெய்லியர், அதாவது சங்கிலியைப் பல்சக்கரங்களுக்கிடையே மாற்றும் அந்தக் கை. சைக்கிளிலேயே துருத்திக்கொண்டு நிற்கும் பாகம் இதுதான். அது தொங்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு சட்டகத்தைக் காப்பாற்றத் தான் வளையும்படி வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்டது. பெட்டி வலப்பக்கமாக ஒருமுறை விழுந்தால் போதும். போய் இறங்கியதும் சைக்கிள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முதல் ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டெரெய்லியர் உள்பக்கமாகச் சாய்ந்து ஆரக்கம்பிக்குள் போய்விடும். ஆகவே அதை ஆலன் கீயால் ஹேங்கரிலிருந்து கழற்றுங்கள். கேபிளை எடுக்க வேண்டாம். அப்படியே துணியில் சுற்றிச் சட்டகத்தின் உள்பக்கம் கட்டிவிடுங்கள். உபரி ஹேங்கர் ஒன்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு வடிவம், போன இடத்தில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

முன்சக்கரத்தை எடுத்ததும், அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கு நடுவே புது சைக்கிளோடு வரும் பிளாஸ்டிக் தடுப்பைச் செருகுங்கள். கடையில் கேட்டால் ஒரு கைப்பிடி தருவார்கள். டிஸ்க் பிரேக் என்றால் ரோட்டரை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டைக் கழற்றி அட்டைகளுக்கு நடுவில் வையுங்கள், பிரேக் பேடுகளுக்கு இடையிலும் ஒரு தடுப்பு வேண்டும். ஹைட்ராலிக் பிரேக் லீவர் தெரியாமல் அழுந்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொண்டு ரோட்டர் உள்ளே போகாது. சீட் கம்பத்தை இறக்கும் முன்பு உயரத்தைக் காட்ட ஒரு டேப் ஒட்டுங்கள். சட்டகக் குழாய்களுக்கு, குளிர்சாதனக் குழாய்களில் மாட்டும் ஃபோம் உறை அளவெடுத்தது போல் பொருந்தும்.

எல்லாம் அடுக்கியதும் பெட்டியை மெல்லக் குலுக்குங்கள். சத்தம் வந்தால் ஏதோ ஒன்று இன்னொன்றில் உரசுகிறது.

பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைத் திறக்கலாம். நீங்கள் பார்த்துப் பார்த்து அடுக்கியதை முன்பின் தெரியாத ஒருவர் அவசரத்தில் திரும்ப மூடுவார். மூடிக்குள், அடுக்கிய நிலையில் எடுத்த புகைப்படம் ஒன்றை ஒட்டி, பக்கத்திலேயே டேப் சுருள் ஒன்றும் வைத்துவிடுங்கள். அவர்களுக்கும் அது உதவியாக இருக்கும்.

டயரில் காற்றை இறக்காவிட்டால் வெடித்துவிடுமா?

வெடிக்காது. சரக்குப் பகுதியிலும் பயணிகள் பகுதியைப் போலவே காற்றழுத்தம் பராமரிக்கப்படுகிறது. அங்கே அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்கு இருக்கும். அதனால் டயருக்குக் கூடுவது மூன்று, நான்கு பி.எஸ்.ஐ.தான். ஆனாலும் பல நிறுவனங்களின் விதியில் 'காற்றை இறக்கவும்' என்று எழுதியிருக்கிறது, கவுன்டரில் டயரை அமுக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. பாதிக்கு மேல் இறக்கிவிட்டு, ரிம் தரையில் இடிக்காத அளவுக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

சைக்கிள் பெட்டியிலேயே துணிமணியையும் திணிக்கலாமா?

எடை அனுமதித்தால் ஆசை வரத்தான் செய்யும். சில நிறுவனங்கள் சைக்கிள் பெட்டியில் சைக்கிளைத் தவிர வேறெதுவும் கூடாது என்கின்றன, மீறினால் சாதாரணக் கூடுதல் லக்கேஜாகக் கணக்கிடலாம். அப்படி விதி இல்லாதவற்றில் ஹெல்மெட், காலணி, சைக்கிள் ஓட்டும் உடை வைத்தால் யாரும் கேட்பதில்லை, இடைவெளியை நிரப்பவும் அவை உதவும். ஸ்பேனர், சங்கிலிக் கருவி எல்லாம் பெட்டிக்குள்தான் போக வேண்டும், கைப்பையில் வைத்தால் சோதனையில் பறிபோகலாம்.

மின்சார சைக்கிள்?

பேட்டரியோடு முடியாது. பயணிகள் கொண்டு போகும் லித்தியம் அயன் பேட்டரிக்கு 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் அனுமதி இல்லை. மின்சார சைக்கிள் பேட்டரிகளோ பெரும்பாலும் 300-லிருந்து 700 வாட்-மணி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் பெருக்கிப் பாருங்கள், 360. பேட்டரி இல்லாமல் சைக்கிளை மட்டும் கொண்டு போய் அங்கே பேட்டரியை வாடகைக்கு எடுப்பது ஒரு வழி. ஆனால் சில நிறுவனங்கள் பேட்டரி இல்லாமலும் மின்சார சைக்கிளை மறுக்கின்றன. முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மின்னணு கியர், விளக்கு, காற்றுக் குப்பி?

மின்னணு கியரின் பேட்டரி மிகச் சிறியது, பிரச்சினை இல்லை. கழற்ற முடிந்ததைக் கழற்றிக் கைப்பையில் வையுங்கள். உபரி பேட்டரிகளும் பவர் பேங்கும் எப்போதும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. டயருக்கு அடிக்கும் கார்பன் டை ஆக்ஸைடு குப்பிகளுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், சில இடங்களில் மொத்தமாகவே எடுத்துவிடுவார்கள். கைப்பம்ப் கொண்டு போவது நிம்மதி. முகாம் அடுப்பின் எரிவாயுக் குப்பி எந்தப் பெட்டியிலும் கூடாது.

மடக்கு சைக்கிளுக்கும் கட்டணமா?

நன்றாக மடங்கும் சைக்கிள் அந்த 158-க்குள் அடங்கும். பிராம்ப்டன் மடித்தால் மூன்று பக்கமும் கூட்டி சுமார் 150 செ.மீ. அதன் மேல் போடும் பெட்டி தடிமனாக இருந்தால் வரம்பு தாண்டும், அதனால் மெல்லிய உறையும் நல்ல ஃபோமும் தேவை. சட்டகத்தையே இரண்டாகப் பிரிக்கும் இணைப்பு வைத்த சைக்கிள்களும் உண்டு. அவற்றை 66 × 66 × 25 செ.மீ. பெட்டியில் அடக்கலாம். அதுவும் வரம்புக்குள்தான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கவுன்டரில் கேட்டால் சைக்கிள் என்றே சொல்லுங்கள். அளவு எப்படி இருந்தாலும் சைக்கிள் என்றால் கட்டணம் என்று விதி வைத்திருப்பவர்களும் உண்டு, அதனால்தான் முன்பே படித்துவிட வேண்டும். மறைத்துக் கொண்டு போய், பிறகு சேதத்துக்கு இழப்பீடு கேட்க வேண்டி வந்தால் உங்கள் பக்கம் வலுவிழந்துவிடும்.

பணம் கட்டியும் ஏற்ற முடியாது என்று சொல்லலாமா?

சொல்லலாம். சிறிய விமானங்களில் சரக்குப் பகுதியின் கதவு சிறியது, இடமும் குறைவு. கடைசிப் பறப்பு அப்படிப்பட்ட விமானம் என்றால் பெட்டியின் அளவுகளைச் சொல்லி எழுத்தில் உறுதி வாங்குங்கள். குழுவாகப் போகிறவர்கள் ஒரே விமானத்தில் எல்லா சைக்கிளும் ஏறும் என்று எதிர்பார்க்காமல் ஒவ்வொன்றையும் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

கவுன்டரில் அதிகமாகக் கேட்டால் என்ன செய்வது?

வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். சைக்கிள் சாதாரண பெல்ட்டில் போகாது, பெரிய லக்கேஜுக்கான தனி இடத்துக்கு நீங்களே தள்ளிக்கொண்டு போக வேண்டும், அங்கே ஆள் வரக் காத்திருக்க வேண்டியும் வரலாம். ஊழியருக்கு சைக்கிள் விதி தெரியாமல் இருப்பது சகஜம், தினமும் அவர் கையில் வரும் பொருள் இல்லையே. நிறுவனத்தின் விதிப் பக்கத்தையும் உறுதி மின்னஞ்சலையும் பொறுமையாகக் காட்டுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டிவிட்டு, எதற்கான கட்டணம் என்று குறிப்பிட்ட ரசீதை வாங்கிக்கொண்டு பிறகு திரும்பக் கேளுங்கள். விமானத்தைத் தவறவிடும் அளவுக்கு அங்கே நின்று வாதாட வேண்டாம்.

உடைந்து வந்தால்?

சர்வதேசப் பயணங்களுக்கு 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பெரும்பாலும் பொருந்தும். அதன்படி செக்-இன் செய்த லக்கேஜின் சேதத்துக்கு நிறுவனமே பொறுப்பு. ஒரு பயணிக்கு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். இது எல்லா லக்கேஜும் சேர்த்து. உங்கள் சைக்கிள் அதைவிட விலை உயர்ந்தது என்றால் செக்-இன் செய்யும்போதே மதிப்பைச் சிறப்பாக அறிவித்துக் கூடுதல் தொகை கட்டலாம், அல்லது சைக்கிளைப் பெயர் சொல்லிச் சேர்க்கும் பயணக் காப்பீடு எடுக்கலாம்.

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பு பெட்டியைத் திறந்து பாருங்கள். சட்டகம், ஃபோர்க், டெரெய்லியர், சக்கரம் நேராகச் சுற்றுகிறதா என்பதையெல்லாம் பார்த்துவிடுங்கள். சேதம் இருந்தால் லக்கேஜ் மேசையில் புகார் படிவத்தை அங்கேயே நிரப்பிப் பிரதி வாங்குங்கள். அதோடு 7 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும், தாமதமாக வந்த லக்கேஜ் என்றால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாட்கள். வழக்குப் போட இரண்டு ஆண்டுகள் வரை நேரம் உண்டு, ஆனால் அந்த 7 நாட்களை விட்டுவிட்டால் உரிமையே போய்விடும். பெட்டியை மூடும் முன் எடுத்த புகைப்படங்கள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும், ஏனென்றால் 'சரியாகக் கட்டவில்லை' என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்.

'சேதத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்று கையெழுத்துக் கேட்கிறார்களே?

மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் பயணத்தில், நிறுவனம் தன் பொறுப்பை முழுதாகக் கழற்றிக்கொள்ளவோ வரம்பைக் குறைக்கவோ எழுதும் ஷரத்து செல்லாது, அதன் 26-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கையெழுத்துப் போடாமல் ஏற்ற மாட்டேன் என்றால் போட்டுவிடுங்கள், அந்தத் தாளையும் படம் எடுத்து வையுங்கள். பொருளின் சொந்தக் குறைபாட்டால் வந்த சேதத்துக்கு மட்டும் அவர்கள் பொறுப்பில்லை என்பது உண்மை. நன்றாகக் கட்டிய சைக்கிளுக்கு அந்த வாதம் எளிதில் நிற்காது.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் அங்கேயே வாடகைக்கு எடுத்தால் என்ன?

இரண்டு, மூன்று நாள் பயணம் என்றால் வாடகைதான் சரி. வாரக்கணக்கில் ஓட்டப்போகிறீர்கள் என்றால், தினமும் பல மணி நேரம் உட்காரும் சீட்டும் உங்கள் கைக்குப் பழகிய ஹேண்டில்பாரும் கட்டணத்தைவிட மதிப்பு மிக்கவை. போட்டிக்குப் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் போகவர சைக்கிள் கட்டணத்தை வாடகை நாட்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு ஊரில் இறங்கி வேறொரு ஊரிலிருந்து திரும்பினால் பெட்டிக்கு என்ன செய்வது?

அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போட்டுவிட்டு, கிளம்பும் ஊரில் இருக்கும் சைக்கிள் கடைக்கு ஒரு வாரம் முன்பே எழுதிப் பெட்டி எடுத்து வைக்கச் சொல்லலாம். அநேகமாக எல்லாக் கடையும் சம்மதிக்கும். உங்கள் சட்டகத்தின் அளவைச் சொல்லிவிடுங்கள், சின்ன பெட்டியில் பெரிய சைக்கிள் இறங்காது. அப்புறம் ஒன்று: ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறீர்கள் என்றால் கிளம்பும் ஊரிலேயே டயர், சட்டகத்தின் அடிப்பகுதி எல்லாம் மண் போகக் கழுவிவிடுங்கள். அந்நாடுகளில் சைக்கிளில் ஒட்டிய மண்ணையும் விதையையும் எல்லையிலேயே சோதிப்பார்கள். வெளியில் ஓட்டிய சைக்கிள் என்று படிவத்தில் குறிப்பிட்டே ஆக வேண்டும்.